புல்லுக்கம்பெனியில் ஓர் இடம்

நாற்பத்தாறு வயதில் கோல்ஃப் பழகுவது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை, மேடம். இடுப்பு கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பழைய மீன்வலை ஒன்றைக் கட்டி, அதற்குள் அடித்து அடித்தே நான் பழகினேன். வலை, மீமிசலிலிருந்து என் தம்பி பஸ்ஸில் போட்டுவிட்டது. என் மனைவி சுடர்விழி துணி காயப்போட வரும்போது கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள். "பந்து இத்தினியூண்டு இருக்கு, இதுக்கு இவ்வளவு பெரிய மட்டையா?" என்பாள். அவள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். எதிலும் அளவு பார்ப்பாள்.

நீங்கள் கேட்பது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான், தெரிகிறது. ஆனால் அது தனியாக வந்து குதிக்கவில்லை. முன்னால் நடந்ததைச் சொன்னால்தான், எனக்கு எப்படி வேறு வழியில்லாமல் போனது என்பது உங்களுக்கு விளங்கும்.

நான் அறுவை சிகிச்சை டாக்டர். புதுக்கோட்டையில் இருபது கட்டில் போட்டு ஒரு ஆஸ்பத்திரி நடத்துகிறேன். குடலிறக்கம், அப்பெண்டிக்ஸ், மூலம், சின்ன விபத்துகள். சொந்த ஊர் மீமிசல். அப்பா மீன் ஏலம் கூறியவர். விடியற்காலையில் படகு வந்ததும் அவர் குரல்தான் கரை முழுக்கக் கேட்கும். அந்தத் தொண்டையை வைத்துத்தான் என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். நான் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தபோது ஊரே பஸ் ஸ்டாண்டு வரை வந்தது. அங்கே போன பிறகுதான் என்னிடம் ஒரு குறை இருப்பது தெரிந்தது. பாடம் எனக்கு வந்தது, பேச்சு வரவில்லை. நாலு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் போய் நின்றால், என் முறை வரட்டும் என்று காத்திருப்பேன். முறை வராது. இன்றுவரை அப்படித்தான்.

என்னோடு படித்த கவியரசன் இப்போது திருச்சியில் பெயர்பெற்ற இதய டாக்டர். அவன்தான் ஒரு நாள் என்னை விருந்தாளியாக ரெட் எர்த் கோல்ஃப் கிளப்புக்குக் கூட்டிப்போனான். குளத்தூர்ப் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் கருவேலங்காடும் செம்மண் பொட்டலுமாகவே வரும். திடீரென்று ஒரு வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணைக் கூசவைக்கும் பச்சை. சுற்றுக் கிராமத்துக்காரர்கள் அதைப் புல்லுக்கம்பெனி என்கிறார்கள். வைத்தியத்துக்கு வந்த ஒருவர், "அந்தப் புல்லையெல்லாம் எந்த ஊருக்குங்க ஏத்தி அனுப்புறாக?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

அன்றைக்குக் கவியரசனோடு ஆடியவர்கள் புதுக்கோட்டையில் வரப்போகும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தார்கள். எத்தனை மாடி, என்னென்ன பிரிவு, யார் யார் பணம் போடுகிறார்கள் என்று. என் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் வரப்போகிற கட்டடம், மேடம். அந்தச் செய்தியே எனக்கு அந்தப் புல்லின் மேல் வைத்துத்தான் தெரிந்தது. "உள்ளூர் சர்ஜன் ஒருத்தர் வேணுமே" என்றார் ஒருவர். "பாத்துக்கலாம்" என்றார் இன்னொருவர். நான் அவர்களுக்குப் பக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தேன்.

பிறகு சாப்பாட்டு மேசையில் ஒருவர் வறுத்த மீன் தட்டை என் பக்கம் நகர்த்தி, "டாக்டர், நீங்க கடற்கரைக்காரர். இது நேத்து மீனா, இன்னைக்கு மீனா? சொல்லுங்க பாப்போம்" என்றார். பிரியமாகத்தான் கேட்டார். வறுத்த பிறகு சொல்ல முடியாது, செவுளைப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று முழுக்க நான் பேசியது அது ஒன்றுதான்.

வீடு திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். வெளியே நின்று கொண்டு எத்தனை ஆபரேஷன் செய்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலிக்கு உள்ளே போக வேண்டும்.

கிளப்பைத் தேர்ந்தெடுப்பதில் நான் அவசரப்படவில்லை. மூன்று இடங்களை விசாரித்தேன். மலைமேல் ஒன்று, வெள்ளைக்காரன் காலத்தது. அங்கே இன்றைக்குப் பெயர் கொடுத்தால் என் பேரன் போய் ஆடலாம். சென்னையில் ஒன்று. அங்கே நம்மைப் பல வருஷம் பழக்கமுள்ள உறுப்பினர்கள் இரண்டு பேர் சிபாரிசு செய்ய வேண்டுமாம். என்னை அவ்வளவு தெரிந்தவர்கள் மீமிசலில்தான் இருக்கிறார்கள். மிஞ்சியது ரெட் எர்த். புதியது, பக்கத்தில் இருப்பது, எனக்கு வேண்டிய மனிதர்கள் வந்து போகிற இடம். ஆனால் நுழைவுக் கட்டணம் என் சக்திக்கு மீறியது. சுடர்விழி அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு, "இதுல நம்ம ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் போட்டுரலாம்ங்க. ஆபரேஷன் பண்ணினவுகள நாற்காலியில ஒக்கார வச்சுல தூக்கிட்டுப் போறாங்க" என்றாள். அவள் சொன்னது சரி. லிஃப்டுக்குள் நமக்கு வேண்டிய ஆட்கள் வர மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பேங்க் மேனேஜர் இன்னும் நேராகச் சொன்னார். மிஷினுக்குக் கடன் தரலாம் டாக்டர், விளையாட்டுக்குத் தர முடியாது.

அப்போதுதான் கவியரசன் ஒரு வழி சொன்னான். கிளப் விதிகளில் கௌரவ மருத்துவ உறுப்பினர் என்று ஓர் இடம் இருக்கிறது. ஒரே ஒருவருக்குத்தான். கட்டணம் கிடையாது. ஆடுகிறவர்களுக்கு ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டும், மற்றபடி எல்லா உறுப்பினரையும் போலத்தான். யாருக்கு அந்த இடம் என்பதைத் தலைவர் முடிவு செய்வார். தலைவர் வசந்தகுமார் சார். முந்திரி ஏற்றுமதி செய்கிறவர், எழுபதைத் தாண்டியவர், மெதுவாகப் பேசுகிறவர். உங்களுக்கு அவரைத் தெரியும்.

எனக்கு ஒரு போட்டி இருந்தது. செம்மல் என்று ஓர் எலும்பு டாக்டர். வாயைத் திறந்தால் தமாஷ். தலைவரின் மூட்டு வலிக்கு ஊசி போடுகிறவரும் அவர்தான்.

"தலைவரோட முட்டி அவன் கையில இருக்குடா, எழில். ஒன் கையில என்ன இருக்கு?" என்றான் கவியரசன்.

அன்று மாலையும் மொட்டை மாடியில் வலைக்குள் அடித்துக்கொண்டிருந்தேன்.

வசந்தகுமார் சார் எங்கள் இருவரையும் ஆளுக்கு ஒரு ஞாயிறு தன்னோடு ஆட அழைத்தார். செம்மல் முந்தின வாரமே போய்வந்திருந்தார். தலைவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். நான் போனது மாசி மாதம். நல்ல பனி. இரண்டு குழிகள் முடிவதற்குள் எங்களுக்குப் பேச்சு தீர்ந்துவிட்டது. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். வருந்தினார். பிறகு புல்லில் எங்கள் ஷூ சத்தம் மட்டும்தான் கேட்டது. இந்த இடம் கைநழுவிப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நடந்துகொண்டே அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் என்ன செய்ய முடியும். நகைச்சுவையை மாத்திரை போல விழுங்கிக்கொண்டு வர முடியுமா.

அடுத்த அடி அவருடையது. நல்ல வேகமான அடி, ஆனால் வலப்பக்கம் இழுத்துவிட்டது. அந்தப் பக்கம் மணல் குழி ஓரத்தில் ஒரு பெண் குத்தவைத்துக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம். பந்து ஆட்களைப் பார்த்துப் போனால் 'ஃபோர்' என்று கத்த வேண்டும், அதுதான் முறை. தலைவருக்குக் கண் அவ்வளவு தூரம் எட்டாது. எனக்கு எட்டும். பந்து எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் தலைவர் அடித்த பந்துக்கு விருந்தாளி கத்தலாமா என்பது தெரியவில்லை. அதை நான் யோசித்து முடிப்பதற்குள் பந்து போய்ச் சேர்ந்துவிட்டது.

காதுக்கு மேலே பட்டது. அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது கண் மூடியிருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் விழித்து எழுந்து உட்கார்ந்தாள். எங்களைப் பார்த்ததும் முதல் காரியமாகச் சேலையைச் சரிசெய்துகொண்டாள். "ஒண்ணுமில்லைங்கய்யா, ஒண்ணுமில்லைங்க" என்றாள். ஏதோ அவள்தான் பந்தை மறித்துவிட்டது மாதிரி. வசந்தகுமார் சார் அவள் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். "டாக்டர், என்ன பண்றது?" என்றார்.

"நான் பாத்துக்குறேன் சார். நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க."

அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் என் முகத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

அவளை என் காரில் ஏற்றிக்கொண்டேன். பெயர் சந்தனம் என்றாள். பக்கத்துக் கிராமம். மெயின் ரோட்டுக்கு வந்தால் வடக்கே திருச்சி, தெற்கே புதுக்கோட்டை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம். திருச்சியில் தலைக் காயத்துக்கென்றே பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. நான் தெற்கே திரும்பினேன். என் ஆஸ்பத்திரி அங்கேதானே இருக்கிறது.

வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். "ஐயா, ஒங்க சீட்டெல்லாம் செம்மண்ணா ஆகுதுங்களே" என்றாள். பரவாயில்லை என்றேன். சாப்பாட்டுத் தூக்கை வேப்பமரத்தில் மாட்டிவிட்டு வந்தது அவளுக்குக் கவலை, நாய் தட்டிவிடுமாம். எடுத்து வைக்கச் சொல்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீகளே?" என்றாள்.

"கேளுங்க."

"அந்தப் பந்தை அடிச்சு என்னங்கய்யா பண்ணுவாக?"

"குழியில போடுவாங்க."

"போட்டுப்புட்டு?"

"எடுத்துட்டு அடுத்த குழிக்குப் போவாங்க."

"அதுலேருந்தும் எடுத்துருவாகளா?"

"எடுத்துருவாங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று காலையில் எனக்குப் பேச்சு தடங்கலில்லாமல் வந்தது அவளிடம் மட்டும்தான், மேடம். நல்ல பெண்.

புதுக்கோட்டையை நெருங்கும்போது, யாராவது கேட்டால் கால் தடுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னேன். காரணம் கேட்கவில்லை. "சொல்லிப்புடுறேங்கய்யா. அந்தப் பெரியவருக்கு எதுக்கு வீண் சங்கடம். பாவம், கையெல்லாம் வெடவெடன்னு ஆடுச்சு அவுகளுக்கு" என்றாள். நானும் அதையேதான் நினைத்தேன். எழுபது வயதுக்காரரைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைப்பதா, பேப்பரில் பெயர் வருவதா. ஒரு டாக்டர் தலைக் காயத்தைப் பார்த்தால் ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தடுக்கி விழுந்தவர்களுக்கு யாரும் அனுப்புவதில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நான் விளக்க வேண்டும். காதுக்கு மேலே மண்டை எலும்பு மெல்லியது. அதற்கு உள்பக்கம் ஒட்டினாற்போல ஒரு இரத்தக் குழாய் ஓடுகிறது. அடிபட்டு எலும்பு கீறினால் அந்தக் குழாய் அறுந்து, எலும்புக்கும் மூளையின் உறைக்கும் நடுவில் இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டும். அடிபட்டவர் ஒரு நிமிஷம் மயங்கிவிட்டுத் தெளிவாக எழுந்துகொள்வார். பேசுவார், சிரிப்பார், சாப்பாடு கேட்பார். சில மணி நேரம் எல்லாம் சரியாகவே இருக்கும். பிறகு தலை வலிக்கும், பேச்சு குழறும், தூக்கம் வரும். அந்தத் தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாது. இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். நடுவில் இருக்கும் அந்தத் தெளிவான நேரத்துக்குள் ஸ்கேன் எடுத்து, மண்டையில் துளை போட்டு இரத்தத்தை வெளியேற்றிவிட்டால் ஆள் பத்து நாளில் நடந்து வீட்டுக்குப் போகலாம். மதுரையில் மேல்படிப்புப் படித்தபோது இப்படி மூன்று பேருக்கு ஆபரேஷனில் உடன் நின்றிருக்கிறேன். மூன்று பேரும் பிழைத்தார்கள். ஒருவர் வருஷாவருஷம் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை.

சந்தனத்தை ஒரு தனி அறையில் படுக்க வைத்தேன். காதுக்கு மேலே எலுமிச்சை அளவு வீக்கம், தோல் கிழியவில்லை. நாடி, இரத்த அழுத்தம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. டீயும் பன்னும் வாங்கித் தரச் சொன்னேன், சாப்பிட்டாள். நான் வெளி நோயாளிகளைப் பார்த்துவிட்டு வெயில் ஏறிய பிறகு திரும்பப் போனபோது, "தலை லேசாக் கனக்குதுங்கய்யா" என்றாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீகளே? அந்தப் பந்தை அடிச்சு என்னங்கய்யா பண்ணுவாக?"

காரில் கேட்டது அவளுக்கு நினைவில்லை.

குழியில் போடுவார்கள் என்றேன். எடுத்து அடுத்த குழிக்குப் போவார்கள் என்றேன். அதே இடத்தில் அதே மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கொஞ்ச நேரம் அவள் கட்டில் பக்கத்திலேயே நின்றேன். எங்கள் தெருவிலேயே ஸ்கேன் சென்டர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். ஜன்னலைத் திறந்தால் போர்டு தெரியும்.

ஆனால் ஸ்கேனில் இரத்தம் தெரிந்துவிட்டால் அதன் பிறகு எதுவும் என் கையில் இல்லை, மேடம். திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்ப வேண்டும். அங்கே எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். உருண்டையான அடி என்பதை எந்த டாக்டரும் கண்டுபிடித்துவிடுவார். நான் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டேன். அங்கிட்டும் போக முடியாது, இங்கிட்டும் போக முடியாது.

அவள் புருஷன் மூக்கன் உச்சி வெயிலில் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். செங்கல் சூளையில் வேலை. கால் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். "படம் எதும் புடிச்சுப் பாக்கணுங்களா ஐயா?" என்று கேட்டார். நம் ஜனங்களுக்குத் தலையில் அடி என்றால் ஸ்கேன் எடுத்தால்தான் மனசு ஆறும்.

"தேவைன்னா நானே சொல்ல மாட்டேனா? சும்மா அசதி. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

வீட்டில் நடந்தால் அது வீட்டில் நடந்தது. என் கட்டிலில் நடந்தால் என் ஆஸ்பத்திரியில் நடந்தது. அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்.

தூக்க மாத்திரை ஒன்று என் கையாலேயே கொடுத்தேன். தலைக் காயத்துக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பது இரண்டாம் வருஷ மாணவனுக்குக்கூடத் தெரியும். மயக்கம் வியாதியால் வருகிறதா மருந்தால் வருகிறதா என்று பிரிக்க முடியாமல் போய்விடும். "நல்லாத் தூங்குவாங்க. தூக்கந்தான் மருந்து. எழுப்பாதீங்க" என்று மூக்கனிடம் சொன்னேன். அவர் கும்பிட்டார். பீஸ் எவ்வளவு என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போக ஒரு ஆட்டோவும் நானே பிடித்துக் கொடுத்தேன்.

மூக்கன் நான் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறார். அதை அவர் உங்களிடம் சொன்னபோது நான் பக்கத்து அறையில் இருந்தேன், காதில் விழுந்தது. வாசலில் உட்கார்ந்து கோழியை விரட்டினாராம். பக்கத்து வீட்டில் டிவியைச் சின்னதாக வைக்கச் சொன்னாராம். காலேஜிலிருந்து மகள் போன் செய்தபோது, அம்மா தூங்குது, சாயங்காலம் பேசு என்று வைத்துவிட்டாராம். எதிர்த்துக் கேள்வி கேட்கிற ஆளாக இருந்திருந்தால் நிலைமை வேறு மாதிரி ஆகியிருக்கும். அதற்கு நான் என்ன செய்வது.

வெயில் சாய்கிற நேரத்தில் எனக்குப் போன் செய்தார்.

"ஐயா, நல்லாத் தூங்குறாங்கய்யா. ஆனா கொறட்டை விடுறா. எப்பவுமே விட மாட்டா. புதுசா இருக்கேன்னு கேட்டேன்."

"எப்படி விடறாங்க?"

அவர் போனை அவள் வாய்ப்பக்கம் கொண்டுபோனார். நான் கேட்டேன். அது குறட்டை இல்லை, மேடம். மூளை அழுந்தும்போது மூச்சு அப்படி வரும். இன்னும் நேரம் இருந்தது. நிறைய இல்லை, ஆனால் இருந்தது. அவர்கள் ஊருக்கு ஆம்புலன்ஸ் வரவழைத்துத் திருச்சிக்குக் கொண்டுபோகிற அளவுக்கு இருந்தது.

"அசதிதான். தூங்கட்டும்" என்றேன்.

"சரிங்கய்யா. ரொம்ப நன்றிங்கய்யா."

இருட்டுவதற்கு முன்னால் மூச்சு நின்றுவிட்டது. அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே இருந்த டாக்டர் போஸ்ட்மார்ட்டம் செய்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் உங்கள் ஸ்டேஷன் வரைக்கும் வந்தது. மூக்கன் அப்போதும் கால் தடுக்கி விழுந்தாள் என்றுதான் சொன்னார். அவள் சொல்லச் சொன்னது அது. செத்த பிறகும் வாக்கு மாறவில்லை.

துக்கத்துக்கு நான் போனேன். வசந்தகுமார் சாரும் வந்திருந்தார், மாலையை வைத்துவிட்டு வெகுநேரம் குனிந்தே நின்றார். திரும்பும்போது காரில் என் தோளில் கையை வைத்திருந்தார். அடுத்த மாதமே கௌரவ உறுப்பினர் இடம் எனக்கு வந்துவிட்டது. செம்மல் போன் செய்து வாழ்த்தினார். நல்ல மனிதர். நான் மூன்று நாலு ஞாயிறு போய் ஆடினேன். களை பிடுங்குகிற பெண்களுக்கெல்லாம் மஞ்சள் ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்று கமிட்டியில் நான்தான் சொன்னேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த மேசையில் நான் சொல்லி நடந்த முதல் காரியம் அது. இனி யாருக்கும் அப்படி ஆகாது.

வசந்தகுமார் சார் தானாகவே உங்களிடம் வந்து, அது நான் அடித்த பந்து என்று சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரால் தூங்க முடியவில்லை என்றாராம். நான் அவரைத் தூங்க வைக்கத்தானே இவ்வளவும் செய்தேன்.

அவர் எனக்கு அன்றைக்கு இரண்டு முறை போன் செய்ததையும் சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். முதல் முறை நாங்கள் புதுக்கோட்டைக்கு வந்து இறங்கியவுடனே.

"டாக்டர், நேரா திருச்சிக்கே போயிருக்கலாமே. சரி, ஒடனே ஸ்கேன் எடுத்துடுங்க. எங்க கொண்டுபோகணுமோ கொண்டுபோங்க, எவ்வளவு ஆனாலும் நான் கட்டுறேன். போலீஸ்ல நானே போய்ச் சொல்லிடறேன். கிளப்புக்கு இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆகாது. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

இரண்டாம் முறை, மூக்கன் வருவதற்குச் சற்று முன்னால். ஸ்கேனில் என்ன வந்தது என்று கேட்டார். சுத்தமாக இருக்கிறது சார், போலீஸுக்கும் போக வேண்டியதில்லை என்றேன். அப்போது நான் அவள் கட்டில் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவர் சொன்னபடி செய்ய யாராலும் முடியும், மேடம். செம்மலும் செய்திருப்பார். திருச்சிக்குக் கொண்டுபோய், பில்லை அவரிடம் கொடுத்து, நன்றி வாங்கிக்கொண்டு வந்திருப்பார். அதற்கு ஒரு நன்றிதான் கிடைக்கும். அடுத்த ஞாயிறு மறுபடி தமாஷ் சொல்கிறவர்தான் ஜெயிப்பார். அவருக்கு ஒரு சின்னத் தொந்தரவுகூட வராமல், ஒரு காகிதத்தில்கூட அவர் பெயர் இல்லாமல் முடித்துக் கொடுத்தால்தான் அவர் என்னை மறக்க மாட்டார். என்னிடம் வேறென்ன இருக்கிறது கொடுக்க.

சுத்தமாக இருக்கிறது என்று ஒரு தடவை சொன்ன பிறகு, மூக்கனின் போனுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள். கொண்டுவா என்றால் ஸ்கேன் எடுக்க வேண்டும். எடுத்தால் மதியம் எடுக்கவில்லை என்பது தெரிந்துவிடும். அதனால் தூங்கட்டும் என்றேன். அவள் செத்துப்போவாள் என்று தெரிந்துதான் சொன்னேன். இதை நீங்கள் இப்படியே எழுதிக்கொள்ளலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

வசந்தகுமார் சார் இப்போது என் போனை எடுப்பதில்லை. கவியரசன் மூலம் சொல்லிப் பார்த்தேன், அவனும் பேச மாட்டேன் என்கிறான். சாட்சிக்கு அவர் மறுபடி இங்கே வருவார் என்று நினைக்கிறேன். வந்தால் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள், மேடம். அவர் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார். எல்லாம் அவருக்காகத்தான் செய்தேன் என்று சொல்லுங்கள்.